பொனட்டுக்குள் ஒரு பல்லி

என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு பல்லியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி அல்ல. எங்கள் கெப் வண்டியின் பொனட்டுக்குள் குடியிருப்பதாக அவர் நம்பிய பல்லி. நானோ ஒரு மெக்கானிக். ருவான்வெல்லைக் கடைவீதியைத் தாண்டி, ரப்பர் தோட்டம் தொடங்கும் வளைவில் எனக்கென்று ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. ஊரில் உள்ள லொறி, வேன், முச்சக்கர வண்டி எல்லாம் என் கைக்கு வந்துதான் போகும். அப்படிப்பட்டவளின் சொந்த வண்டிக்குள் இருந்துகொண்டு ஒரு பல்லி என் குடும்பக் காரியத்துக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்கு வெகுநாள் தெரியாது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கித்துல்கலையில் ஹோட்டல் போட வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்த, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டுள்ள பழைய கெப் அது. ஆறு பிஸ்டன் பெற்றோல் எஞ்சின். அவர் ஹோட்டலைக் கட்டி முடிக்காமலே ஊருக்குத் திரும்பிவிட, வண்டி மட்டும் மரத்தடியில் நின்றது. பெற்றோலைப் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும் என்று பயந்து யாரும் அதன் பக்கம் போகவில்லை. என் வீட்டுக்காரர் போனார். "எஞ்சின்ல என்னா வந்தாலும் நீ இருக்கல்ல" என்று என்னைக் காட்டியே வாங்கினார். அதில் எனக்குப் பெருமைதான். அன்றிலிருந்து ஆற்றில் படகோட்ட வருகிற சுற்றுலாக்காரர்களின் ரப்பர் படகுகளை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். நாங்கள் இருவரும் இந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ரப்பர் பால் வெட்டாத ஆட்கள் நாங்கள்தான்.

பல்லி வந்த கதை இது. ஒரு நாள் காலையில் அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் பொனட்டைத் தூக்கியிருக்கிறார். பேட்டரிக்கு மேலே ஒரு பல்லி குறுக்கே ஓடி எங்கோ உள்ளே ஒளிந்துவிட்டது. அது நிஜமான பல்லிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலேயே எஞ்சின் உறுமும்போது உள்ளிருந்து 'ச்சிக் ச்சிக் ச்சிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. தொடர்ந்து வராது. நாலைந்து தரம் கத்தும், ஓயும், பிறகு நினைத்தபோது மறுபடி கத்தும். அந்த மாதம் பார்த்து ஹயர் ஓட்டமும் நன்றாக வந்தது. போதாதா? பல்லி வந்த யோகம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

பேசும்போது பல்லி சொன்னால் பேசியது பலிக்கும் என்பது எங்கள் லயத்தில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். சுட்டுவிரலை மடக்கி, கைக்கு எட்டுகிற எதிலாவது மூன்று தட்டுத் தட்டி 'முருகா' என்று சொல்வோம். நானும் தட்டுவேன். கராஜில் ஒரு லொறிக்காரரிடம் "இனி இந்த கியர்பொக்ஸ் தொல்ல தராதுங்க" என்று சொல்லும்போது கூரையில் பல்லி சொன்னால், கையில் உள்ள ஸ்பேனராலேயே தட்டிவிடுவேன். ஆனால் நான் பல்லியைத் தேடிப்போய்க் கேள்வி கேட்பதில்லை. அவர் கேட்டார். பல்லி எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்பதற்கும் பலன் உண்டல்லவா? கித்துல்கலைப் பாதையில் வளைவுக்கு வளைவு வண்டி திரும்புகிறபோது ஒரே பல்லி எட்டுத் திசைப் பலனையும் சொல்லி முடித்துவிடும். அதனால் முக்கியமான கேள்வி என்றால் வண்டியைக் கிழக்கே பார்த்து நிறுத்திக் கேட்பது என்று ஒரு முறையையும் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு காலை நேரத்தில். யட்டியாந்தோட்டையில் நடுவழியில் நின்றுபோன ஒரு லொறியைப் பார்க்க என்னைக் கூட்டிப்போகச் சொன்னேன். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியைத் திருப்பினார், ஹேண்ட்பிரேக்கை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். 'ச்சிக் ச்சிக்' என்றது உள்ளே. டேஷ்போர்டில் மூன்று தட்டுத் தட்டினார். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். எஞ்சின் சத்தத்துக்குள்ளே வேறு சத்தம் கேட்பதுதான் என் பிழைப்பு என்பதை மறந்துவிட்டார்.

"என்னா கேட்டீங்க இப்ப?"

"ஒண்ணும் இல்லியே."

"கட்டார் போனா நல்லாயிருக்குமான்னு கேட்டீங்க."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "நம்ம தோட்டத்துக் கூட்டாளி ஒருத்தன் அங்க பஸ் ஓட்டுறான்ல. எனக்கும் ஒரு எடம் இருக்காம். இந்தப் பௌர்ணமி போயா கழிஞ்சதும் பதில் சொல்லச் சொல்லியிருக்கான்."

"எத்தன நாளா கேக்குறீங்க?"

"அவன்கிட்டயா?"

"பல்லிகிட்ட."

அவர் ஹேண்ட்பிரேக்கை எடுத்து வண்டியைக் கிளப்பினார். யட்டியாந்தோட்டை வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் வருவது அவருக்குப் பழக்கமில்லாததால் அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.  கூட வாழ்கிற எனக்குத் தெரியாத விஷயம் ஒரு பல்லிக்குத் தெரிந்திருந்தது.

பேசாமல் வந்ததில் ஒரு நன்மையும் நடந்தது. காது சும்மா இருந்ததால் அந்தச் சத்தத்தை முதல் முறையாக ஒழுங்காகக் கேட்டேன். மேட்டில் அவர் எக்ஸிலேட்டரை மிதித்தபோது பல்லி வேகமாகக் கத்தியது. பள்ளத்தில் காலை எடுத்தபோது நிதானமாகக் கத்தியது. எனக்குத் தெரிந்து எந்த ஊர்ப் பல்லியும் எக்ஸிலேட்டருக்குக் கட்டுப்படாது.

அன்று பின்னேரமே ஒரு நீட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே போனேன். எஞ்சினின் பின்பக்கம், கை போகாத ஒரு மூலையில் சத்தம் காதைத் துளைத்தது. பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கிற இடம் அது. இந்த வண்டியில் அந்த இடத்தில் சிங்க்ரனைசர் என்ற ஒரு குட்டைச் சாமான் நிற்கிறது. கேம்ஷாப்ட் அதைச் சுற்றும். அதன் தலையில் உள்ள தகடு ஒரு சென்சருக்கு முன்னால் சுழன்று, எந்தப் பிஸ்டனின் முறை இப்போது என்று வண்டியின் கம்பியூட்டருக்குச் சொல்லும். உள்ளே உள்ள புஷ் தேய்ந்து எண்ணெய் இல்லாமல் காய்ந்துபோனால் பல்லி மாதிரியேதான் கத்தும்.

வெறும் கத்தல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தச் சாமானின் காலடியில்தான் எஞ்சினுக்கு எண்ணெய் அனுப்புகிற பம்ப் மாட்டியிருக்கிறது. ஒரு நாள் அது இறுகி நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். கித்துல்கலை இறக்கத்தில் படகுகளோடு போகும்போது எஞ்சின் அப்படியே பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். 

மறுநாள் கடைவீதியில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கொழும்புல பஞ்சிகாவத்தயிலயும் ஈக்காது. வெளியால இருந்துதான் எடுப்பிக்கணும். மாப்புளக்கித் தெரியுமா?"

"அவருக்கு அது பல்லி, நானா."

நானா சிரித்த சிரிப்பில் கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அல்லாஹ்வே, பல்லிக்கி ஓடர் போட்ட மொத ஆள் நீங்கதான்" என்றார். ஆனாலும் அன்றைக்கே சாமானுக்கு ஓடர் கொடுத்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தை எடுத்தேன். புஷ், எண்ணெய், பம்ப் எல்லாவற்றையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் அகப்பைக் காம்பையும் வைத்து விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "நான் கட்டார் போறது ஒனக்குப் புடிக்கல. அதான் பல்லியோட வாய அடைக்கப் பாக்குற" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் இன்னும் அதிகமாக ஏறியது. அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லைதான். அதற்காக ஒரு நல்ல எஞ்சினைப் பற்றி நான் பொய் சொல்லுவேனா?

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில" என்றேன். "ஒங்க பல்லி ஒரு நாளு ஆத்துல விழப்போகுது, படகோட."

"வாயக் கழுவு."

"சரி, ஒண்ணு செய்யுங்க. போகாம இருந்தா நல்லாயிருக்குமான்னு கேளுங்க. அதுக்கு என்னா சொல்லுதுன்னு பாப்போம்."

பல்லியைச் சோதிக்கக் கூடாது என்றார். பயமா என்றேன். அந்தச் சொல் வேலை செய்தது. போய் வண்டியைக் கிழக்கே பார்த்துத் திருப்பி நிறுத்தினார். நான் வாசலில் கைகட்டி நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "போகாம இங்கயே இருந்தா நல்லாயிருக்குமா?" என்று எனக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்டார். 'ச்சிக் ச்சிக் ச்சிக் ச்சிக்.' பழக்க தோஷத்தில் கை தானாக டேஷ்போர்டைத் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் நல்லதுன்னு சொல்லுது" என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டார். இப்படிப்பட்ட ஆளை நான் என்ன செய்ய?

எனக்குக் கைகொடுத்தவர் என் வீட்டுக்காரருக்கு ஹயர் கொடுக்கிற படகு முதலாளிதான். அவர் சிங்களவர், நல்ல மனிதர். அவர்கள் வழக்கத்தில் ஒரு காரியமாகப் புறப்படும்போது பல்லி கத்தினால் ஆகாது. எங்கள் ஆளுக்கு அதுவே நல்ல சகுனம். ஒவ்வொரு நாளும் படகுகளை ஏற்றிக் கட்டி, வெள்ளைக்காரர்கள் தலைக்கவசம் மாட்டிப் பின்னால் ஏறி உட்கார்ந்து, வண்டி உறுமத் தொடங்கியதும் 'ச்சிக் ச்சிக்' என்று கேட்கும். இவர் மகிழ்ச்சியாக டேஷ்போர்டைத் தட்டுவார். முதலாளி அலறியடித்து ஓடிவந்து கையைக் குறுக்கே நீட்டுவார். "ஹூனா கிவ்வா! டிக்கக் இன்ன!" பல்லி சொல்லிவிட்டது, கொஞ்சம் பொறு. பொறுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் கத்தும். மறுபடியும் பொறுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் தலைக்கவசத்தோடு வெயிலில் வேர்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. பல்லியை எடுத்துவிட்டு வா, இல்லாவிட்டால் வேறு வண்டி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நானாவிடமிருந்து புதிய சாமானின் பெட்டி வந்து சேர்ந்த நேரமும் அதுதான். போயாவுக்கு முந்திய நாள்.

காலையில் என் வீட்டுக்காரர் கெப்பைக் கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியவரின் கையில் ஒரு காலி ஜாம் போத்தல். மூடியில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டிருந்தார்.

"இது என்னாத்துக்கு?"

"பல்லிய இதுல புடிச்சுப் போடு. மூச்சு விடட்டும்னு ஓட்ட போட்டிருக்கேன். கொன்னுடாத, பாவம் வந்துரும். நான் கொண்டுபோய் கோயில் பக்கமா விட்டுர்றேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. சிரிப்பை அடக்க எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் அவரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டாருக்குப் போகத் துடிக்கிற மனிதர், ஒரு பல்லிக்கு மூச்சு முட்டக் கூடாதென்று மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பேட்டரி வயரைக் கழற்றினேன். காற்றுக் குழாயை எடுத்தேன். முதலாம் பிஸ்டன் நசுக்கும் முறையில் உச்சிக்கு வரும்படி எஞ்சினைத் திருப்பி நிறுத்தினேன். அந்த நிலையில் இருந்தால்தான் புதியதை எங்கே வைப்பது என்று தெரியும். பிறகு பழைய மெத்தைத் துண்டொன்றை விளிம்பில் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றி, பின்மூலைக்குக் கையை நீட்டிச் சென்சரைக் கழற்றி, பிடித்திருந்த போல்ட்டையும் கழற்றி, சாமானை மெதுவாக ஆட்டி ஆட்டி மேலே இழுத்தேன். வந்துவிட்டது. உள்ளங்கை நீளம், கறுத்துப்போய், கீழே சாய்வாகப் பல் வெட்டிய சக்கரத்தோடு.

அவர் போத்தலின் மூடியைத் திறந்து தயாராக நின்றார். நான் அந்தச் சாமானை அவர் காதருகே பிடித்து, விரலால் சுற்றினேன்.

'ச்சிக் ச்சிக் ச்சிக்.'

"இந்தாங்க ஒங்க பல்லி."

அவர் வாங்கினார். தானே ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கத்தியது. திருப்பிச் சுற்றினார். அப்போதும் கத்தியது. என் முகத்தைப் பார்க்காமல் அதைப் போத்தலுக்குள் நுழைக்கப் பார்த்தார், வாய் சின்னதாக இருந்ததால் நுழையவில்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நான் கையைக் கழுவி, பிளேன்டீ ஊற்றிவரப் பின்னால் போனேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் முன்னே முன்பக்கம் 'கிர்ர் கிர்ர்' என்று ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். மனுஷன் பேட்டரி வயரை மாட்டி, உள்ளே ஏறி, சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க செய்றீங்க!"

"இல்ல... வேற பல்லி ஒண்ணும் உள்ள இருக்குதான்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் தோட்டத்து மரங்களில் பால் வெட்டாமலே வடிந்திருக்கும். எண்ணெய் பம்பைச் சுற்றச் சாமான் இல்லாமல் எஞ்சினைச் சுற்றலாமா? நல்ல வேளை, சில சுற்றுத்தான். ஆனால் நான் நிறுத்தி வைத்திருந்த உச்சி நிலை போயே போய்விட்டது. இனி முதலிலிருந்து தேட வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும். ஒரு முறை காற்றையும் பெற்றோலையும் நசுக்கிக்கொண்டு வரும், மறுமுறை புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். எஞ்சினின் முன்சக்கரத்தில் உள்ள குறியோ இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். குறியை மட்டும் நம்பி மாட்டினால் சாமான் நேர் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கம்பியூட்டருக்கு முறை மாற்றிச் சொல்லும்.

"எறங்குங்க" என்றேன். "வயர கழட்டுங்க. ஸ்பேனர எடுங்க. நீங்க கெடுத்தத நீங்களே திருப்புங்க."

ஒரு பிடி ஒட்டுப்பாலை எடுத்துக் கையால் உருட்டி, முதலாம் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் தக்கையாக அடைத்தேன். மரத்துப் பட்டையில் வடிந்து காய்ந்த ரப்பர் பால்தான் ஒட்டுப்பால், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. பிஸ்டன் நசுக்கிக்கொண்டு மேலே வரும்போது காற்று அந்தத் தக்கையைத் தள்ளி வெளியே வீசிவிடும். புகை தள்ளும்போது வீசாது. அவர் முன்பக்கம் கீழே குந்தி, பெரிய ஸ்பேனரால் எஞ்சினை மெதுவாகத் திருப்பினார். நான் மேலே, தக்கையின் மேல் கண்ணை வைத்து நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் எஞ்சின் இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ஏங்க போகணும்னு தோணுச்சு?"

ஸ்பேனர் நின்றது. பிறகு திரும்பியது. "இங்க எனக்கு என்னா இருக்கு? கடைக்குப் போனா பாஸ் நோனாவோட புருஷன்னு சொல்றாங்க. கித்துல்கலைக்குப் போனா பல்லி வண்டிக்காரன்னு சொல்றாங்க. ஒரு ரெண்டு வருஷம் போயிட்டு வந்தா, நான்னு ஒரு ஆளு இருப்பேன்ல."

பாஸ் நோனா என்பது நான்தான். சிங்களத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்பார்கள், நோனா என்றால் அம்மணி. பொம்பளை மெக்கானிக்கை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் இந்த ஊர் எனக்கு வைத்த பெயர் அது. எனக்கு அந்தப் பெயர் பெருமை. அது அவர் பெயரைத் தின்றுகொண்டிருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

"அத ஏன் என்கிட்ட சொல்லல? பல்லிகிட்ட கேட்டத என்கிட்ட ஒரு தரம் கேட்டிருக்கலாம்ல?"

"ஒன்கிட்ட கேட்டா நீ நக்கல் பண்ணுவ" என்றார் கீழேயிருந்து. "பல்லி நக்கல் பண்ணாது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டப்! ஒட்டுப்பால் தக்கை பறந்து போய்த் தகரச் சுவரில் மோதித் திரும்பி அவர் தோளில் விழுந்தது. "ஐயோ, பல்லி!" என்று அவர் துள்ளி எழுந்தார். தோளைத் தட்டினார், கீழே பார்த்தார், ஒட்டுப்பாலைக் கண்டார். அதற்குப் பிறகும், "வலது தோள்ல விழுந்தா என்னா பலன்?" என்று கேட்டார்.

"ஒட்டுப்பாலு விழுந்தா பலன் இல்ல. இன்னும் கொஞ்சம் திருப்புங்க. மெதுவா. குறி வந்ததும் நிறுத்துங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அவர் சொன்ன சொல் உள்ளே போய்த் தைத்துவிட்டது. நக்கல் பண்ணுவேன்தான். ஆண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து இந்தத் தொழிலைப் படித்த நாளிலிருந்து என் வாய்தான் எனக்கு வேலி. அந்த வேலியை வீட்டுக்குள்ளும் போட்டிருந்தது எனக்கே தெரியாது.

குறி வந்தது. புதிய சாமானைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை. கூடவே ஒரு பிளாஸ்டிக் மூடி வந்திருந்தது. அதைத் தலையில் மாட்டினால் தகடு அசையாமல் சரியான நிலையில் பூட்டிக்கொள்ளும். வேலை சுலபம் என்று தோன்றும், அப்படியில்லை. பல் சாய்வாக வெட்டியிருப்பதால் சாமான் இறங்கும்போது தானாகவே திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று பார்த்து, அவ்வளவுக்கு முன்னாலேயே தள்ளி வைத்து இறக்க வேண்டும். முதல் தரம் அதிகமாகத் தள்ளிவிட்டேன், ஒரு பல் தப்பியது. மேலே எடுத்தேன். அடுத்த தரம் தகடு சரியாக வந்தது, ஆனால் சாமான் முழுக்க உட்காரவில்லை. ஒரு விரல் இடைவெளி விட்டு, மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. கீழே பம்பின் கம்பியைக் கவ்வவில்லை என்று அர்த்தம். இதை அடித்து இறக்கினால் எல்லாம் நாசம். நீட்டு சொக்கெட்டை உள்ளே விட்டுக் கம்பியைத் துளி திருப்பினேன். மறுபடி இறக்கினேன். விளக்கை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். என் கன்னத்தில் வழிந்த வேர்வையைத் தன் சட்டை முனையால் துடைத்துவிட்டார். 

'டொக்' என்று உட்கார்ந்தது.

போல்ட்டை இறுக்கினேன். பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டுச் சென்சரை மாட்டினேன். பிளக்கை மாட்டினேன், காற்றுக் குழாயை மாட்டினேன், பேட்டரி வயரை மாட்டினேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது. டேஷ்போர்டில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு அணைந்ததா என்று எட்டிப் பார்த்தேன். அணைந்திருந்தது.  பொனட்டை மூடினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி கிழக்கே பார்த்துத்தான் நின்றது. அவர் உதடு அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். 'ச்சிக்' என்று ஒரு சத்தமும் வரவில்லை. எஞ்சின் நல்ல எஞ்சினாக, பேசாமல் ஓடியது. டேஷ்போர்டில் தட்ட மடக்கிய விரல் அப்படியே நின்றது. பிறகு சாவியைத் திருப்பி அணைத்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே" என்றார் இறங்கிக்கொண்டே.

"அதுக்குத்தான சரி செஞ்சோம்."

வந்து பொனட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் இந்தப் பக்கம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஜாம் போத்தல் வாய் திறந்து கிடந்தது. வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. நாளைக்குப் போயா. 

"நான் கட்டார் போகட்டுமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எத்தனையோ பதில்கள் தயாராக இருந்தன. யட்டியாந்தோட்டைப் பாதையிலிருந்தே சேர்த்து வைத்தவை. பாலைவனத்தில் பல்லி இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒன்று. போத்தலையும் கொண்டுபோங்கள், துணைக்கு ஆகும் என்று ஒன்று. எல்லாம் நல்ல நக்கல்கள். ஒன்றையாவது எடுத்து வீசலாம் என்று தேடினேன், வாய் வரவில்லை. அவர் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு, பல்லி முன்னால் காத்திருந்த அதே முகத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போகாதீங்க" என்றேன். "நீங்க இல்லாம எனக்கு முடியாதுங்க."

அவர் சுட்டுவிரலை மடக்கி, பொனட்டின் மேல் மெதுவாக மூன்று தட்டுத் தட்டினார்.